கால் முளைத்த கொட்டாங்கச்சி

மழை விட்ட ஒரு சனிக்கிழமைக் காலை என்று வைத்துக்கொள்வோம். இடம் புக்கிட் பாத்தோக். பராட்டா வாங்கப் பாட்டியோடு கீழே இறங்கிய பேரன், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் வடிகாலுக்கும் நடுவில் குந்திவிட்டான்.

"பாட்டி, கல்லு நடக்குது!"

"கல்லா? யாரோ கொட்டாங்கச்சிய கவுத்து வச்சிருக்காங்கடா" என்று கிட்டே போன பாட்டி, கொட்டாங்கச்சிக்குக் கீழிருந்து ஒரு தலை நீள்வதைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்குகிறார். "ஐயையே, ஆமை! தொடாத. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டாந்துடாத."

"ஏன் பாட்டி? பாவம்ல? நாம வளப்போம்."

காட்சி கற்பனை, ஆமை நிஜம். கறுத்த ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரியும் நட்சத்திர ஆமை சிங்கப்பூர் மண்ணில் பிறப்பதில்லை. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, குஜராத், ராஜஸ்தான், பாகிஸ்தானின் ஒரு பகுதி, இலங்கையின் வறண்ட வலயம் ஆகியவைதான் அதன் ஊர். வீவக புளோக்கின் அடியில் அது நடக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதைப் பெட்டியில் அடைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார், வேறு யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார், பிறகு பயத்திலோ சலிப்பிலோ கைவிட்டிருக்கிறார்.

புக்கிட் பாத்தோக் என்ற பெயருக்கே பல கதைகள் சொல்வார்கள். குவாரியில் கல்லுக்கு வெடி வைத்தபோது குன்று இருமியது, மலாயில் இருமலுக்கு 'பாத்தோக்' என்பதால் அந்தப் பெயர் ஒட்டியது என்பது ஒன்று. குன்றில் தென்னை வளர்த்த ஜாவாக்காரர்கள் கொட்டாங்கச்சியின் பெயரை வைத்தார்கள் என்பது இன்னொன்று. எது சரியோ, பாட்டியின் கண்ணுக்கு முதலில் கொட்டாங்கச்சி தெரிந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அந்த ஓட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் நகைக்கடைச் சரக்குபோல மின்னும் அதே மஞ்சள் கோடுகள், காய்ந்த புல்லும் முள்ளும் மண்டிய தரையில் வெயில் விழுந்தால் காணாமல் போய்விடும். புல்லின் நிழல் எது, ஓட்டின் கோடு எது என்று பிரித்தறிய முடியாது. ஒளிந்துகொள்வதற்காக வாய்த்த அலங்காரம்தான் அதைப் பிடித்துக் கொடுக்கிறது. ஓட்டின் வடிவமும் சும்மா வந்ததல்ல. எப்படிக் கவிழ்த்துப் போட்டாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும் 'கோம்போச்' என்ற வடிவத்தை உருவாக்கிய ஹங்கேரியக் கணித அறிஞர்கள் காபோர் டொமோகோஷும் பேட்டர் வார்கோன்யியும், பிற்பாடு ஆமைகளை அளந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய வடிவத்துக்கு மிக நெருக்கமாக வந்த ஓடுகளில் ஒன்று நம் ஊர்ப் பக்கத்து நட்சத்திர ஆமையினுடையது. மல்லாந்து விழுந்தால் காலை உதைத்துக்கொண்டு கிடக்காமல், ஓட்டின் மேட்டை வைத்தே உருண்டு எழுந்துவிடும். நம்முடைய தஞ்சாவூர்ப் பொம்மைக்குத் தெரிந்த வித்தை, கொஞ்சம் மெதுவாக.

இவ்வளவு கெட்டிக்கார ஓடு இருந்தும் சாக்குப்பையிலிருந்து தப்ப வழியில்லை. ஆந்திர–கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரே ஒரு வணிக மையத்தைக் கண்காணித்த ஆய்வாளர்கள், ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015-ல் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை குட்டிகள். உள்ளங்கைக்குள் அடங்குபவை, காலை உள்ளே இழுத்த நிலையில் டேப் சுற்றினால் சத்தமும் போடாது, அசையவும் செய்யாது. சென்னை விமான நிலையத்தின் சரக்கு வளாகத்தில் 'உயிர் நண்டு' என்று எழுதியிருந்த பெட்டிகளுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் ஆமைகளைச் சுங்கத்துறையினர் எடுத்ததுண்டு. சென்னையிலும் திருச்சியிலும் விமானம் ஏறுகிற மலேசிய, தாய்லாந்துப் பெட்டிகளில் சிக்கியவை வேறு. சிக்காமல் போனவை எத்தனை என்பது கடத்தியவர்களுக்கே வெளிச்சம். திருச்சியிலிருந்து வரும் விமானத்தில் முறுக்கும் மல்லிகைப்பூவும் கொண்டுவருகிற ஜனங்களுக்கு, பக்கத்துப் பெட்டியில் என்ன வருகிறதென்று எங்கே தெரியும்?

வாங்குகிறவர்கள் ஏன் வாங்குகிறார்கள்? அழகு ஒரு காரணம். அதிர்ஷ்டம் இன்னொன்று. சீன மரபில் ஆமை நீண்ட ஆயுளின் சின்னம். வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் தங்கும் என்று நம்புகிறவர்கள் ஆசியா முழுக்க உண்டு. ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீகூர்மம் கோயிலில் பெருமாள் ஆமை வடிவில் இருக்கிறார்; பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்துவிட்ட நட்சத்திர ஆமைகள் கோயில் வளாகத்திலேயே வளர்கின்றன. நம் பாட்டியின் கட்சி இதற்கு நேர் எதிர். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது தமிழ்ப் பழமொழி. ஐந்து உறுப்பை உள்ளடக்கும் ஆமையை வள்ளுவர் புலனடக்கத்துக்கு உவமையாக்கினார் என்று புலவர்கள் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அந்தப் பழமொழியின் பிடி தளரவில்லை. கோர்ட்டு ஆளான அமீனாவோடு ஒரே வரியில் ஆமையைச் சேர்த்தது அநியாயம் என்று ஆமைப் பிரியர்கள் வருத்தப்படுவார்கள்.

ஆனால் சிங்கப்பூரில் அந்தப் பழமொழி எழுத்துப் பிசகாமல் பலித்துவிட்டது. நட்சத்திர ஆமை புகுந்த வீட்டுக்குள் அமீனாவும் புகலாம். 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், செனகல் ஆகிய நாடுகள் கேட்டுக்கொண்டபடி, நட்சத்திர ஆமையை முதல் இணைப்புப் பட்டியலுக்கு உயர்த்தியது. பன்னாட்டு வணிகத்துக்கு அநேகமாகப் பூட்டு என்று பொருள். இந்தியாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தை 2022-ல் திருத்தியபோது அதை முதல் அட்டவணைக்குக் கொண்டுபோனது. அதே 2022-ல் சிங்கப்பூர் தன் சட்டத்தைக் கடுமையாக்கி, முதல் பட்டியலிலுள்ள ஓர் உயிருக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை என்றது. முன்பு இனத்துக்கு இவ்வளவு என்றிருந்த கணக்கு, தலைக்கு இவ்வளவு என்று மாறியது. கடத்தல்காரனுக்கு இது வேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை.

சிக்கல் வேறிடத்தில். பத்தாண்டுக்கு முன்பு ஏதோ ஒரு மாமா ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, அல்லது காலியான வாடகை வீட்டில் யாரோ விட்டுப்போனது என்று ஓர் ஆமையை வைத்துக்கொண்டு விழிக்கிற குடும்பம் என்ன செய்யும்? ஒப்படைக்கப் போனால் கேள்வி வரும் என்று பயம். வைத்திருந்தாலும் பயம். மூன்றாவதாக ஒரு வழி தோன்றும்: இருட்டியதும் பையில் போட்டு எடுத்துப்போய், புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவிலோ குட்டி குய்லின் ஏரிக்கரையிலோ விட்டுவிட்டு வருவது. 'காட்டு விலங்கைக் காட்டில்தானே விட்டோம்' என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானமும் கிடைத்துவிடும். விசாக தினத்தில் சிவப்புக்காது ஆமைகளைக் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடுகிறவர்களை நிறுத்தச் சொல்லித் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் மன்றாடுவது இந்தச் சமாதானத்துக்கு எதிராகத்தான். முள்வெளியில் பழகிய ஆமைக்கு ஆண்டு முழுக்க நனைந்திருக்கும் மழைக்காடு காடே இல்லை. மூக்கில் சளி வழிய, குமிழி விட்டபடி, சுவாச நோயில் அது மெதுவாகச் சாகும்.

வீட்டுக்குள்ளும் அதன் பாடு பெரிய சுகம் ஒன்றுமில்லை. பத்தாவது மாடியில் கண்ணாடிச் சன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வருகிறதே என்று நினைப்போம். ஆமைக்கு வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி ஊறாது. அது ஊறாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் எலும்பில் சேராது. ஓடு மெத்தென்று அழுந்தும், கால் வளையும். நார் நிறைந்த புல்லும் பூண்டும் மேய வேண்டிய வாயில் வாழைப்பழமும் ரொட்டியும், போதாக்குறைக்குப் பூனைத் தீனியும் போனால், வளர்ச்சி தாறுமாறாகி ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பாகப் புடைக்கும். விவரம் தெரியாதவர்கள் அதைக் கூடுதல் அழகு என்று படமெடுத்துப் போடுகிறார்கள். டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி நடக்கிற அந்தப் பிராணியின் முதுகில் தெரிவது அந்த வீட்டின் சமையலறைக் கணக்கு.

இத்தனைக்கும் ஆமையை வீட்டில் வளர்க்கலாகாது என்று உலகம் முழுக்க ஒரே விதி இல்லை. தத்தெடுக்கும்படி அரசே கேட்டுக்கொள்கிற ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்து ஆமை 1990-ல் அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. காட்டில் அதைக் கண்டால் எட்டி நின்று பார்க்க வேண்டும், தூக்கக் கூடாது. பயந்தால் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடும். மாதக்கணக்கில், மழையில்லாத காலம் முழுக்கச் சேமித்த தண்ணீர் அது. ஆசையாக ஒரு நிமிடம் தூக்கியவர் கையில் அதன் உயிர் போய்விடக்கூடும். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே வீடுகளுக்கு வந்துவிட்டவையும், அவை போட்ட குஞ்சுகளுமாக ஏராளமான ஆமைகள் கொல்லைப்புறங்களில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பப் பாலைவனத்தில் விட்டால் மூச்சுக்குழாய் நோயைக் காட்டு ஆமைகளுக்கும் பரப்பிவிடும். ஆகவே கலிஃபோர்னியா, நெவாடா, அரிசோனா மாநிலங்களில் வீட்டில் வளர்ந்த பாலைவன ஆமைகளை முறைப்படி தத்துக் கொடுக்கிறார்கள். அரிசோனாவில் வனவிலங்குத் துறை கேட்கும் முதல் கேள்வி, 'வளை கட்டியாயிற்றா?' கோடை வெயிலுக்கும் குளிர்காலத் தூக்கத்துக்கும் தரைக்குள் ஒரு வளை, சுற்றிலும் அடைப்பு, மேயப் புல்பூண்டு எல்லாம் தயாராக இருந்தால்தான் ஆமை வரும். அந்த ஆமையின் சொந்த மண்ணில் வசிப்பவருக்குத்தான் தத்து. அதே மாநிலத்தின் குளிர் மலையூரில் இருப்பவருக்குக்கூடக் கிடையாது. நெவாடாவில் 2013 முதல் ஒருவருக்கு ஓர் ஆமைதான். ஜோடி சேர்த்தால் குஞ்சு பெருகி, அவற்றுக்கும் வீடு தேட வேண்டியிருக்கும் என்பதால்.

தத்து என்ற சொல்லை இங்கே நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிற விதத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! அங்கே ஆமை தன் ஊரிலேயே இருக்கிறது. மாறியது வேலி மட்டும். நான்கறை வீட்டின் பால்கனியில் அந்த ஊரைக் கட்ட முடியாது. அதனால் புக்கிட் பாத்தோக்கில் ஒரு நட்சத்திர ஆமையைத் தத்தெடுப்பதென்றால், அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும், அது ஊர் போய்ச்சேரும்வரை ஆகிற செலவில் பங்கெடுப்பதும்தான்.

அப்படிப் போய்ச்சேர்ந்த ஆமைகள் உண்டு. 2018 நவம்பரில் 51 நட்சத்திர ஆமைகள் சாங்கியிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போயின. சிங்கப்பூரில் கள்ளத்தனமாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்டவை அவை. லூயிஸ் இங் 2001-ல் தொடங்கிய ஏக்கர்ஸ் விலங்குநல அமைப்பும், இந்தியாவின் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும், கர்நாடக வனத்துறையும் சேர்ந்து செய்த வேலை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சுமந்து போனது. ஏக்கர்ஸின் தலைமைப் பொறுப்புகளில் அன்பரசி பூபாலும் கலைவாணன் பாலகிருஷ்ணனும் பணியாற்றியிருக்கிறார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். சுவா சூ காங் பக்கமிருக்கும் அவர்களுடைய மீட்பு நிலையம் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒன்றும் தூரமில்லை. ஆமைகள் வந்த வழியில் டேப்பும் சாக்குப்பையும் இருந்தன. போன வழியில் இரு நாட்டு அனுமதித் தாள்கள், மருத்துவப் பரிசோதனை, தனிமைப்படுத்தல், பழகிக்கொள்ள அவகாசம். கடத்துவதற்கு ஓர் இரவு போதும், திருப்பி அனுப்ப ஆண்டுகள் ஆகும்.

ஏன் அவ்வளவு காலம்? நோய்ப் பரிசோதனை ஒருபக்கம். எந்த ஊர் ஆமை என்ற கேள்வி இன்னொரு பக்கம். அதற்கும் முன்பு சிங்கப்பூரில் பிடிபட்டு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கூட்டம் ஹைதராபாத் வந்து சேர்ந்தபோது, அங்குள்ள சிசிஎம்பி உயிரியல் ஆய்வகத்தார் அவற்றின் மரபணுவைச் சோதித்துப் பூர்விகம் தேடினார்கள். 2006-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. தென்னிந்திய ஆமைக்கும் வடமேற்கு இந்திய ஆமைக்கும் மரபணுவில் வித்தியாசம் உண்டு. ராஜஸ்தான் ஆமையை ராமநாதபுரத்தில் விட்டால் இரண்டு பக்கத்துக்கும் கேடு. கடத்தல்காரன் ஊர்ப்பெயர் எழுதி அனுப்புவதில்லை. பெட்டிக்குள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியது இங்கே இருக்கிறது. தாமாக முன்வந்து ஆமையை ஒப்படைக்கும் குடும்பத்துக்கு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வழக்கில்லை, அபராதமில்லை என்று நான்கு மொழியிலும் சத்தமாக அறிவிக்கும் ஒரு மன்னிப்புக் காலம் வேண்டும். வாடகை வீட்டு அறிவிப்புப் பலகையில், மின்தூக்கி வாசலில், தேக்கா சந்தையில் அது ஒட்டப்பட வேண்டும். முன்மாதிரி இல்லாத யோசனை ஒன்றுமில்லை. வெளிநாட்டு உயிரினங்களை வீட்டில் வைத்திருப்போர் பயமின்றிப் பதிவு செய்யலாம் என்று இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு 2020 ஜூனில் ஆறு மாத அவகாசம் கொடுத்தது. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த வெளிநாட்டு உயிர்கள் ஏட்டில் ஏறின.

மன்னிப்பு கொடுத்தால் கடத்தலுக்குத் துணிச்சல் வராதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாங்கி விற்கிறவனுக்கும் சுங்கத்தில் சிக்குகிறவனுக்கும் மன்னிப்பு வேண்டாம். ஒப்படைப்பவருக்கு மட்டும், அதுவும் ஒரு முறை, கால வரையறையோடு. அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று லாஸ் வேகாஸிலிருந்து வருகிறது. வேண்டாத பாலைவன ஆமைகளை வாங்கிப் பராமரிக்க அங்கே ஒரு பெரிய மையம் இருந்தது. ஆண்டுக்கு ஆயிரம் அளவில் ஆமைகள் வந்து குவிந்தன, பணம் வற்றியது, 2014-ல் மையத்தை மூடினார்கள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே இடமும் காசும் இல்லையென்றால் அதுவும் ஒரு கைவிடல்தான். ஆகவே மன்னிப்போடு மானியமும் சேர்ந்து வர வேண்டும். கடத்தல் வழக்குகளில் வசூலாகும் அபராதத்தில் ஒரு பங்கை, பிடிபட்ட உயிர்களின் தீனிக்கும் பயணத்துக்கும் ஒதுக்கினால் என்ன குறை? இன்று அந்தச் சுமையில் பெரும்பகுதி நன்கொடையை நம்பி நடக்கும் அமைப்புகளின் தோளில்.

திரும்பிப் போக முடியாதவையும் இருக்கும். நோயாளிகள், ஓடு சிதைந்தவை, பூர்விகம் தெரியாதவை. அவற்றுக்கு இங்கேயே இடம் வேண்டும். சீனத் தோட்டத்தில், புக்கிட் பாத்தோக்கிலிருந்து எம்ஆர்டியில் இரண்டே நிறுத்தம் தள்ளி, 2001-லிருந்து ஓர் ஆமை அருங்காட்சியகம் இருந்தது. தோட்டம் புதுப்பிக்கப்பட்டபோது இடம் போய், பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2019-ல் ஈசூனுக்குக் குடிபெயர்ந்தது. ஜூரோங் பக்கத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கீரைத்தண்டு நீட்டிய இடம். வீட்டில் வளர்க்கும் ஆசையை அப்படிப்பட்ட இடங்கள்தான் தணிக்கும். பள்ளிகள் வகுப்புக்கு ஓர் ஆமையின் தீனிச் செலவை ஏற்கலாம். ஆமைக்குப் பெயர் வைக்கிற உரிமையையும் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம்.

பாட்டியும் பேரனும் இன்னும் புளோக் வாசலில்தான் நிற்கிறார்கள். பக்கத்து மினிமார்ட்டில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, ஆமையை அலுங்காமல் எடுத்துவைத்து, நிழலில் வைத்தாயிற்று. தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்குக் கூப்பிட்டதில், ஆள் வரும்வரை தண்ணீரோ தீனியோ வைக்க வேண்டாம், பெட்டியை மூடி அமைதியாக வையுங்கள் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் பயம் போய்விட்டது. வீட்டுக்குள் புகாத ஆமையால் என்ன வந்துவிடப் போகிறது? ஓட்டை வழியாகப் பேரன் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான்.

"பாட்டி, இத அவங்க ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"

"அனுப்புவாங்கய்யா."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருப் பக்கமா இருக்கும். இல்லாட்டி சிலோனா இருக்கும். அது வாயத் தொறந்து சொன்னாத்தானே." பாட்டி பராட்டாக் கடைப் பக்கம் பார்க்கிறார். வரிசை நீண்டுவிட்டது. "நீ இங்கயே நில்லு. கொழம்பு தனியா வாங்கணுமா, இல்ல மேலயே ஊத்திடச் சொல்லவா?"